கடவுச்சொல் காத்த கதை

ஒரே கணிப்பொறியைப் பலர் பயன்படுத்தும்போது, ஒருவர் கோப்பை மற்றவர் பார்க்காமல் காப்பது எப்படி? இந்தக் கேள்வி 1960களிலேயே எழுந்துவிட்டது.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் பெர்னாண்டோ கோர்பட்டோ குழுவினர் சி.டி.எஸ்.எஸ். என்ற அமைப்பை 1961ல் இயக்கிக் காட்டினர். பலர் ஒரே நேரத்தில் ஒரே கணிப்பொறியில் வேலை செய்ய அது வழி செய்தது. அவரவர் கோப்புகளைக் காக்க ஆளுக்கொரு கடவுச்சொல் வந்தது. ஆனால் எல்லாக் கடவுச்சொற்களும் ஒரே கோப்பில், அப்படியே படிக்கும்படி கிடந்தன.

விளைவு? ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவர், தனக்கு ஒதுக்கிய நேரம் போதாமல், 1962ல் அந்தக் கோப்பையே அச்சிட்டு எடுத்துக்கொண்டார். பின்னொரு முறை இரண்டு கோப்புகள் இடம் மாறிவிட, உள்ளே நுழைந்தவர்களுக்கெல்லாம் அன்றைய அறிவிப்புக்குப் பதில் கடவுச்சொல் பட்டியலே வந்து நின்றது!

இதற்கான தீர்வை யூனிக்ஸ் தந்தது. ராபர்ட் மோரிஸ், கென் தாம்சன் இருவரும் 1979ல் வெளியிட்ட கட்டுரை அதை விளக்கியது. கடவுச்சொல்லைச் சேமிக்கக் கூடாது. அதிலிருந்து கணக்கிட்ட, பின்னோக்கிப் பிரிக்க இயலாத குறியீட்டை மட்டுமே சேமிக்க வேண்டும். பிற்பாடு அந்தக் குறியீடும், ரூட் எனப்படும் நிர்வாகி மட்டும் படிக்கக்கூடிய தனிக் கோப்புக்குப் போனது.

பழைய கணிப்பொறியில் ஓடும் சின்ன லினக்ஸிலும் இன்று இதே ஏற்பாடுதான். ஆனால் எல்லோரும் ஒரே கணக்கில் நுழைந்தால், அல்லது ரூட் கடவுச்சொல்லை எல்லோருக்கும் சொல்லிவிட்டால், கதை மறுபடி 1962க்கே போய்விடும். பூட்டு எவ்வளவு பலமானாலும், சாவிக்கொத்தை வாசலில் தொங்கவிட்டால் என்ன பயன்?