ஒரு வெள்ளி கொடுத்தவர்கள்

மலாயாப் பல்கலைக்கழகத்தில் நான்கு வருடம் பொறியியல் படித்தேன். அங்கே இந்திய ஆய்வியல் துறை இருப்பது தெரியும். ஆனா ஒருநாளும் உள்ளே போனதில்லை. 'அதைப் படிச்சு என்ன வேலைக்குப் போறது?' என்று நண்பர்களோடு சிரித்திருக்கிறேன்.

அந்தத் துறை சும்மா வந்ததில்லை. 1950களில், அதில் சமஸ்கிருதமே முதன்மை மொழியாகட்டும் என்று பரிந்துரை வந்தபோது, தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி எதிர்த்து நின்றார். 'தமிழ் எங்கள் உயிர்' என்ற பெயரில் நிதி திரட்டினார். கேட்டது ஆளுக்கு ஒரு வெள்ளி. தோட்டப் பாட்டாளிகளும் கொடுத்தார்கள். 1956இல் துறை தமிழோடு தொடங்கியது. பிறகு தனிநாயகம் அடிகள் அதன் தலைவரானார். 1966இல் முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் நடந்தது.

அமெரிக்காவில் கறுப்பின மக்களின் கல்லூரிகளும் இப்படித்தான் தாக்குப்பிடித்தன. 1944இல் ஃபிரெடரிக் பேட்டர்சன் 27 கல்லூரிகளுக்குச் சேர்த்து ஒரே நிதியைத் தொடங்கினார். தனித்தனியாகக் கையேந்தாமல் சேர்ந்து கேட்டார்கள்.

போன மாதம் கிள்ளானில் மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். எஸ்.டி.பி.எம். முடித்த அவர் மகள் தமிழ் படிக்கணும் என்கிறாள். 'நீதான் இன்ஜினியராச்சே, நீயே புத்தி சொல்லு' என்றார் மாமா.

ஒரு வெள்ளி கொடுத்தவர்களில் பலருக்குத் தம் பிள்ளை பல்கலைக்கழகம் போகும் என்ற நம்பிக்கைகூட இருந்திருக்காது. இருந்தும் கொடுத்தார்கள். பிள்ளைகள் வராமல் போனால் எந்தத் துறையும் நிலைக்காது.

'படிக்கட்டும் மாமா,' என்றேன்.