ஏரோஜெல்லின் இயந்திரவியல் மாதிரிகள்

ஏரோஜெல் என்பது கூழ்போன்ற ஈர ஜெல்லில் உள்ள நீர்மத்தை, அதன் திண்மச் சட்டகம் நொறுங்காதவாறு நீக்கி, அவ்விடத்தைக் காற்றால் நிரப்பிப் பெறப்படும் நுண்துளைப் பொருள் ஆகும். அமெரிக்க வேதியியலாளர் சாமுவேல் கிஸ்ட்லர் 1931 ஆம் ஆண்டில் இதனை அறிவித்தார். மிகுதியாக ஆராயப்பட்டது சிலிக்கா ஏரோஜெல்; இதன் கனஅளவில் பெரும்பாலும் 90 விழுக்காட்டிற்கும் மேற்பட்டது காற்றே. 2004 இல் வைல்டு 2 வால்வெள்ளியின் தூசுத் துகள்களை நொடிக்கு ஏறத்தாழ 6 கிலோமீட்டர் வேகத்தில் ஏந்திப் பிடித்த ஸ்டார்டஸ்ட் விண்கலம் பயன்படுத்தியது இப்பொருளையே. அடர்த்தியைக் கொண்டு இதன் விறைப்பைக் கணிக்க முடியுமா என்பதே மாதிரியமைப்போரின் முதன்மைக் கேள்வி.

நுரை மாதிரி

துளையுள்ள பொருட்களுக்குப் பொதுவாகப் பயன்படுவது லோர்னா கிப்சன், மைக்கேல் ஆஷ்பி ஆகியோர் 1980களில் உருவாக்கிய மாதிரி. இதில் பொருளானது மெல்லிய சட்டங்களாலான கூண்டுகளின் தொகுதியாகக் கருதப்படுகிறது. அழுத்தும்போது சட்டங்கள் வளைகின்றன. இதன்படி, துளைகள் ஒன்றோடொன்று திறந்துள்ள நுரையின் யங் குணகம், அடர்த்தி விகிதத்தின் (நுரையின் அடர்த்தி ÷ அதன் திண்மத்தின் அடர்த்தி) இருபடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும்.

சிலிக்கா கண்ணாடியின் அடர்த்தி கனமீட்டருக்கு ஏறத்தாழ 2200 கிலோகிராம். யங் குணகம் ஏறத்தாழ 72 கிகாபாஸ்கல். எனவே கனமீட்டருக்கு 100 கிலோகிராம் அடர்த்தியுள்ள ஏரோஜெல்லின் அடர்த்தி விகிதம் 1/22. யங் குணகம் ஏறத்தாழ 150 மெகாபாஸ்கல் இருத்தல் வேண்டும். அளவீட்டில் கிடைப்பதோ சில மெகாபாஸ்கல் மட்டுமே. ஒலியும் இதற்குச் சான்று பகர்கிறது. நுரை மாதிரி சரியெனில் இவ்வேரோஜெல்லில் ஒலி நொடிக்கு 1200 மீட்டர் செல்லவேண்டும். உண்மையில் 100 முதல் 200 மீட்டர் அளவிலேயே, அதாவது காற்றில் செல்வதைவிட மெதுவாகச் செல்கிறது!

வலையமைப்பின் பங்கு

சோதனைகளில் கிடைக்கும் படி 2 அன்று. பெரும்பாலும் 3 முதல் 4 வரை ஆகும். 3.6 எனக் கொண்டால் மேற்கூறிய ஏரோஜெல்லுக்கு ஏறத்தாழ 1 மெகாபாஸ்கல் கிடைக்கிறது. அடர்த்தியை இருமடங்காக்கினால் நுரையின் விறைப்பு 4 மடங்காகும், ஏரோஜெல்லின் விறைப்போ 12 மடங்காகும்.

ஏரோஜெல்லின் சட்டகம் ஒழுங்கான கூண்டு அன்று என்பதே இதற்குக் காரணம். சில நானோமீட்டர் அளவுள்ள துகள்கள், முத்துக் கோத்தாற்போன்ற வளைந்து நெளிந்த சங்கிலிகளாக அமைந்துள்ளன. சில சங்கிலிகள் ஒரு முனையில் மட்டுமே பிணைந்து மறுமுனையில் தொங்குகின்றன. அவை எடையைக் கூட்டுமேயன்றிச் சுமையைத் தாங்கா. அடர்த்தி குறையக் குறையச் சுமைதாங்கும் பகுதியின் பங்கும் குறைகிறது.

இத்தகைய வலையைக் கணினியில் உருவாக்க, 1983 இல் மீக்கின் ஒருபுறமும், கோல்ப், போட்டே, ஜூலியன் ஆகியோர் மறுபுறமும் வெளியிட்ட கொத்துத்திரட்சி மாதிரி உதவுகிறது. இதில் தற்போக்காக அலையும் துகள்கள் முட்டியவுடன் ஒட்டிக் கொத்துகளாகின்றன. கொத்துகளும் தம்முள் ஒட்டி வலையாகின்றன. பின்னர் ஒவ்வொரு பிணைப்பையும் ஒரு சிறு உத்தரமாகக் கொண்டு, முடிவுறு கூறு முறையில் விறைப்பு கணக்கிடப்படுகிறது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் ஷெரர் உள்ளிட்டோர் 2000 ஆம் ஆண்டில் இவ்வழியில் பெற்ற படி ஏறத்தாழ 3.6 ஆகும். அணுக்களையே தனித்தனியாகக் கணக்கிடும் மூலக்கூற்று இயக்கவியல் முறையும் உண்டு. எனினும் அதன் சிறிய கணிப்புப் பெட்டியில் பெரிய துளைகள் அடங்குவதில்லை.

இவை யாவும் சிறு திரிபுகளுக்கான விறைப்பையே தருகின்றன. ஏரோஜெல் எப்போது உடையும் என்பது வேறு கேள்வி. நொறுங்கும் தன்மையுள்ள பொருளாதலால், அது உடைவதை உலர்த்தும்போது ஏற்படும் கீறல் போன்ற மிகப்பெரிய குறையே முடிவு செய்கிறது. ஆகவே ஒரே அடர்த்தியுள்ள இரு துண்டுகள் வெவ்வேறு சுமைகளில் உடையக்கூடும்.