ஔவை ஒருத்தியா?

அவிநாசி வட்டாரத்துப் பனியன் கம்பெனிகளில் நாள்தோறும் நடப்பது இது. ஒரே பெயர் பொறித்த லேபிள், பல கூடங்களில் பல கைகள் தைத்த ஆடைகளில் ஏறும். லேபிள் ஒன்று, உழைப்போ பலருடையது. அந்தப் பெயரைப் பார்த்துவிட்டு, இவை அனைத்தும் ஒரே தையற்காரர் கைவேலை என்று எவரேனும் சொன்னால் நாம் நகைப்போம். இலக்கியம் என்று வந்துவிட்டால் மட்டும் அந்த நகைப்பு எங்கே போகிறது? அதியமான் அவையில் எழுந்த புறப்பாட்டும், பள்ளிச் சிறுவர் ஓதும் ஆத்திசூடியும், யோகம் பேசும் ஔவைக் குறளும் ஒரே மூதாட்டியின் வாய்மொழி என்று தலையாட்டி விடுகிறோம். ஏன்? எல்லாவற்றிலும் 'ஔவையார்' என்ற லேபிள் இருக்கிறதாம்!

பெயரை நம்பும் முன் காலத்தைக் கேட்போம்.

சங்க நூல்களில் ஔவையார் பாடல்களாக நிற்பவை 59. அவற்றுள் 33 புறநானூற்றில் உள்ளன. அவர் பாடிய தலைவன் தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சி. அவன் கற்பனை வேந்தன் அல்லன்; 1981இல் திருக்கோவலூர்ப் பக்கத்து ஜம்பையில் கண்டறியப்பட்ட தமிழி எழுத்துக் கல்வெட்டு அவன் பெயரைத் தாங்கி நிற்கிறது. அதன் காலம் கி.பி. முதல் நூற்றாண்டளவு என்பது ஐராவதம் மகாதேவன் கணிப்பு.

இனி நல்வழியைப் புரட்டுவோம். அதுவும் ஔவையார் நூல்தான் என்கிறார்கள். அதன் இறுதி வெண்பா திருக்குறளையும், தேவார மூவர் தமிழையும், திருவாசகத்தையும், திருமூலர் சொல்லையும் ஒரு வரிசையில் வைத்துப் பேசுகிறது. சம்பந்தரும் அப்பரும் 7ஆம் நூற்றாண்டினர். சுந்தரர் அவர்களுக்குப் பின் வந்தவர். அவர்கள் பாடல்களை அறிந்த ஒருவர், அதியமானோடு அமர்ந்து கள்ளுண்டவராக எப்படி இருக்க முடியும்? வெளிச்சான்று கூட வேண்டாம். நூலே தன் வயதைச் சொல்லிவிட்டது!

இந்த இடைவெளியை நிரப்பத்தான் கதைகள் கிளம்பின. நெடுநாள் வாழவைக்கும் நெல்லிக்கனியை அதியமான் ஔவைக்கு ஈந்தான் என்கிறது புறநானூறு. நட்பின் பெருமை பேசும் அந்தக் கனியைப் பிடித்துக்கொண்டு, ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட இடைவெளியை அடைத்துவிட்டார்கள். முதலை உண்ட பிள்ளையை மீட்டவர் என்று நம் அவிநாசித் தலபுராணம் புகழும் சுந்தரர் கயிலை செல்லும்போது, ஔவையும் விநாயகர் துணையால் அங்கே போய்ச் சேர்கிறார். பிறகு 12ஆம் நூற்றாண்டுக்கு வந்து கம்பரோடு சொற்போர் இடுகிறார். ஒரு கனிக்கு இத்தனை சுமையா?

ஏட்டுச்சுவடியாக அடைந்து கிடந்த புறநானூறு 1894இல் உ.வே.சாமிநாதையரால் அச்சேறியது. அதுவரை பெரும்பாலோர் அறிந்திருந்தது திண்ணைப் பள்ளி நீதிநூல்களின் பாட்டியைத்தான். அச்சேறிய பின்னும் பாட்டியே வென்றார். 1953இல் வந்த 'ஔவையார்' திரைப்படமும், கே.பி.சுந்தராம்பாளின் வெண்கலக் குரலில், பல காலத்துப் பாடல்களையும் கதைகளையும் ஒரே வாழ்வாகக் கோத்துக் காட்டியது.

இதனால் என்ன நட்டம் என்று கேட்கலாம். நட்டம் உண்டு, தோழர்களே! பெருநட்டம் உண்டு!

சங்கத்து ஔவை யார்? பகைவேந்தன் தன்னை மைதீட்டிய கண்ணும் ஒளிவீசும் நெற்றியும் உடைய விறலி என்று விளித்ததாக ஒரு பாட்டில் வைத்தவர். நரைத்த தலையும் ஊன்றுகோலும் அங்கே இல்லை. தொண்டைமானிடம் தூது சென்று, நெய் பூசி அழகாக அடுக்கிய அவன் படைக்கலங்களைப் 'புகழ்ந்து', எங்கள் தலைவன் வேல்களோ போரில் சிதைந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன என்று குத்திக்காட்டியவர். ஒரு நாட்டின் சார்பில் பேசிய பெண். அவர் சொல்லை ஓர் அரசன் நம்பி அனுப்பினான்.

ஆத்திசூடியிலோ, பெண் சொல் கேட்டு நடவாதே என்னும் பொருளில் ஓர் அடி வருகிறது. வகுப்பறையில் அதைப் படிக்கும் சிறுமி என்ன நினைப்பாள்? "ஔவையே சொல்லிவிட்டாரே!" என்றுதானே? தூது சென்ற பெண்ணின் வாயிலேயே, பெண் வாயைப் பூட்டும் கட்டளையைத் திணிப்பதல்லவா இது? இரு காலத்தையும் பிரித்துக் காட்டினால் அந்தச் சிறுமிக்கு உண்மை விளங்கும்: பெண் சொல்லுக்கு அவையில் இடம் இருந்த நாளும் உண்டு, அதை இகழ்ந்த நாளும் உண்டு, இரண்டும் மனிதர் வகுத்தவை, மாறக்கூடியவை.

ஆடவர் பெயர்களிலும் இந்த மயக்கம் உண்டு. சங்கப் புலவர் கபிலர், பரணர், நக்கீரர் பெயர்களே, பதினோராந் திருமுறையில் கபிலதேவர், பரணதேவர், நக்கீரதேவர் என்று மீண்டும் வருகின்றன. பிறப்பால் உயர்வு தாழ்வு பேசுவதைச் சாடும் கபிலர் அகவலோ, பாரியின் நண்பர் பெயரில் உலவும் பிற்கால நூல். ஆயினும் ஆடவரிடையே பல பெயர்கள் எஞ்சின. 'ஔவை' என்பதோ தாய், மூதாட்டி என்று பொருள்படும் பொதுச்சொல். அந்தச் சொல்லின் நிழலில் எத்தனை பெண்களின் சொந்தப் பெயர்கள் மறைந்தன!

பிரித்துப் பார்ப்பது பழிப்பதாகாது. இட்டார், இடாதார் என இரண்டே சாதி என்ற நல்வழியின் கருத்தை நாம் போற்றுவோம். அதே நூல் ஊழ்வினை பேசும் இடத்தில் மறுப்போம். பெயருக்கு அஞ்சி விழுங்கவும் வேண்டாம், பெயரை வெறுத்துத் துப்பவும் வேண்டாம். பாரதியார் புதிய ஆத்திசூடி எழுதினார். பாரதிதாசனும் ஓர் ஆத்திசூடி தந்தார். நூற்பெயர் ஒன்றானாலும் எழுதியவர் யார், எந்தக் காலத்தவர் என்பதை அச்சுக்கூடம் காத்துத் தந்தது. அந்தப் பாதுகாப்பு இல்லாத காலத்துப் பெண்களுக்கு நாம்தான் காவல்.

எனவே, மேடையில் "ஔவை சொன்னார்" என்று யாரேனும் முழங்கினால், எழுந்து பணிவோடு கேட்போம்: "எந்த ஔவை, ஐயா?"