தொழிற்கல்வி முதிர்வுச் சான்றிதழ் (சுவிட்சர்லாந்து)

தொழிற்கல்வி முதிர்வுச் சான்றிதழ் என்பது, சுவிட்சர்லாந்தில் தொழிற்பயிற்சி பெற்றோர் உயர்கல்வியில் சேர்வதற்குரிய தகுதியாகக் கூட்டாட்சி அரசு ஏற்றுள்ள சான்றிதழாகும். ஜெர்மன் மொழியில் ‘பெரூஃப்ஸ்மாட்டூரிட்டேட்’ எனப்படும் இது, ஒரு தொழிலில் முழுத் தேர்ச்சியையும் அதற்கு மேற்பட்ட பொதுக்கல்வியையும் ஒருசேரக் குறிக்கிறது.

அந்நாட்டில் கட்டாயக் கல்வியை முடிப்போரில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் தொழிற்பயிற்சியைத் தேர்ந்தெடுக்கின்றனர். அவர்கள் மூன்று அல்லது நான்கு ஆண்டுகள் ஒரு நிறுவனத்தில் ஊதியத்துடன் வேலை பழகி, வாரத்தில் ஓரிரு நாட்கள் தொழிற்பள்ளிக்குச் சென்று, இறுதியில் கூட்டாட்சித் தொழில்தேர்ச்சிச் சான்றிதழைப் பெறுகின்றனர். பல்கலைக்கழகத்துக்கு நேர்வழியாக அமைந்த ‘கிம்னாசியம்’ என்னும் மேல்நிலைப் பள்ளியை முடிப்போர் ஏறக்குறைய ஐந்தில் ஒருவரே. தொழில்தேர்ச்சிச் சான்றிதழ் வேலைக்குப் போதுமானதாயினும், உயர்கல்வி வேண்டும் கணிதத்தையும் மொழிப் பயிற்சியையும் அது முழுமையாகத் தராததால், அக்குறையை ஈடுசெய்ய 1994 முதல் முதிர்வுச் சான்றிதழ் வழங்கப்படலாயிற்று. 1995இல் நிறைவேறிய சட்டத்தின் வழியே, முன்பிருந்த உயர் தொழில்நுட்பப் பள்ளிகளும் வணிகவியல் பள்ளிகளும் ஒன்றிணைக்கப்பட்டுப் பயன்முறை அறிவியல் பல்கலைக்கழகங்களாக உயர்ந்தன. செய்முறைக்கும் தொழில்துறை ஆய்வுக்கும் முதன்மை தரும் இந்நிறுவனங்களே முதிர்வுச் சான்றிதழ் பெற்றோர் சேரும் முதன்மையான இடங்களாயின.

இச்சான்றிதழைப் பெற இரு வழிகள் உள்ளன. தொழில் பழகும் காலத்திலேயே கூடுதல் வகுப்புகளில் படிப்பது ஒன்று. பயிற்சி முடிந்தபின் ஓராண்டு முழுநேரமாகவோ, வேலை பார்த்துக்கொண்டே அதனினும் நீண்ட காலம் பகுதிநேரமாகவோ படிப்பது மற்றொன்று. இருவகையினரும் மொழிகள், கணிதம் ஆகிய அடிப்படைப் பாடங்களையும், தம் தொழிலையொட்டிய சிறப்புப் பாடங்களையும், வரலாறு, அரசியல் போன்ற துணைப் பாடங்களையும் கற்பதோடு, பல துறைகளை இணைக்கும் திட்டக்கட்டுரை ஒன்றையும் எழுத வேண்டும். சான்றிதழ் பெற்றவர், தாம் பழகிய தொழிலோடு தொடர்புடைய இளநிலைப் பட்டப்படிப்பில் நுழைவுத்தேர்வின்றிச் சேரலாம். வேறு துறையை நாடினால், பொதுவாக அத்துறையில் முன்னதாகப் பணியனுபவம் பெற வேண்டும்.

மரபுவழிப் பல்கலைக்கழகங்களிலும் சூரிக், லோசான் நகரங்களிலுள்ள கூட்டாட்சித் தொழில்நுட்பக் கழகங்களிலும் சேர விரும்புவோர் ‘பாசரெல்’ எனப்படும் கூடுதல் தேர்வில் வெற்றிபெற வேண்டும். முதன்மொழி, இரண்டாம் மொழி, கணிதம், இயற்கை அறிவியல், மானுட சமூக அறிவியல் ஆகிய ஐந்து பகுதிகள் கொண்ட இதற்குப் பெரும்பாலோர் ஓராண்டளவு ஆயத்தம் செய்கின்றனர்.

இவ்வேற்பாட்டில் நிபந்தனை இருபுறமும் உள்ளது. தொழிலாளர் பொதுக்கல்வியைக் கூட்டிக்கொள்ள வேண்டுவதுபோலவே, கிம்னாசியத்தில் படித்தவர் பயன்முறை அறிவியல் பல்கலைக்கழகத்தில் சேருமுன் வழக்கமாக ஓராண்டு பணியனுபவம் பெற வேண்டியுள்ளது. பொதுக்கல்வி வழியும் தொழிற்கல்வி வழியும் சமூகத்தில் சம மதிப்புப் பெறக் கூட்டாட்சியும் மாநிலங்களும் பாடுபட வேண்டும் என 2006இல் அரசமைப்பில் சேர்க்கப்பட்ட 61அ பிரிவு பணிக்கிறது. எனினும், பயிற்சிக் காலத்திலேயே முதிர்வுக் கல்வி கற்பவர் வாரத்தில் கூடுதல் நேரம் பணியிடத்தை விட்டு நீங்குவதால், சிறு நிறுவனங்கள் அதற்கு இசைவளிக்கத் தயங்குவதுண்டு. ஆகவே இவ்வழியின் அகலம் கல்விச் சட்டத்தை மட்டுமன்றி, வேலை பழக்கும் முதலாளியின் ஒத்துழைப்பையும் பொறுத்ததாகும்.