பருத்தி இறக்குமதி வரியும் ‘டியூட்டி டிராபேக்’கும்: விவசாயிகள் தெரிந்துகொள்ள வேண்டியவை

வெளிநாட்டுப் பஞ்சுக்கு வரி போட்டால் நம் பருத்திக்கு நல்ல விலை கிடைக்கும் என்று விவசாயிகள் எதிர்பார்க்கிறார்கள். ஆனால் ஏற்றுமதியாளருக்கு அந்த வரிச்சுமை பெருமளவு குறைந்துவிடும். அதற்கான திட்டம்தான் ‘டியூட்டி டிராபேக்’, அதாவது கட்டிய சுங்க வரியைத் திரும்பப் பெறுவது. இது பருத்தி விலையை எப்படிப் பாதிக்கிறது என்று பார்ப்போம்.

வரி எவ்வளவு?

2021 பிப்ரவரி பட்ஜெட்டில் பஞ்சு இறக்குமதிக்கு மொத்தம் 11 சதவீத வரி விதிக்கப்பட்டது. 2022-இல் சில மாதங்களும், 2025 ஆகஸ்ட் 19 முதல் டிசம்பர் 31 வரையும் இந்த வரிக்கு விலக்கு தரப்பட்டது.

எப்படித் திரும்பக் கிடைக்கிறது?

இறக்குமதிப் பஞ்சை நூலாகவோ பனியனாகவோ மாற்றி ஏற்றுமதி செய்தால், 1962 சுங்கச் சட்டத்தின் 75-ஆம் பிரிவின்படி வரியைத் திரும்பப் பெறலாம். ஏற்றுமதி மதிப்பில் இத்தனை சதவீதம் என்று அரசு சராசரியாக ஒரு விகிதம் அறிவிக்கும். ஏற்றுமதிப் பணம் உரிய காலத்தில் வந்து சேராவிட்டால், கொடுத்த தொகை திரும்ப வசூலிக்கப்படும். ‘அட்வான்ஸ் ஆத்தரைசேஷன்’ உரிமம் பெற்றவர்கள், ஏற்றுமதி செய்வதாக உறுதி கொடுத்து, வரி கட்டாமலேயே பஞ்சு கொண்டுவரலாம்.

நம் விலைக்கு என்ன ஆகும்?

ஆக, 11 சதவீத வரி முழுப் பாதுகாப்புத் தருவது உள்நாட்டில் விற்கும் துணிக்கான பஞ்சுக்குத்தான். ஏற்றுமதிக்கு நூல் தரும் ஆலை வெளிநாட்டு விலையோடு ஒப்பிட்டே நம் பஞ்சை வாங்கும். அதேசமயம் இந்தத் திட்டம் இல்லாவிட்டால் திருப்பூருக்கு ஆர்டர் குறையும். நம் பஞ்சுக்கும் கிராக்கி குறையும். வரி கட்டிவிட்டுக் காத்திருக்கும் வரை முதலீடு முடங்குவதால், சிறிய ஆலைகளுக்கு உள்ளூர்ப் பஞ்சே வசதி.

விவசாயிகள் கவனிக்க

* வரிச் செய்தியை மட்டும் நம்பிப் பருத்தியை இருப்பு வைக்க வேண்டாம். விலக்கு அறிவிப்பு எப்போது வேண்டுமானாலும் வரலாம்.
* 2025-26 பருவத்துக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு நடுத்தர இழைக்கு 7,710 ரூபாய், நீண்ட இழைக்கு 8,110 ரூபாய். ஏல விலை இதற்குக் கீழே போனால் இந்தியப் பருத்திக் கழகத்தின் கொள்முதல் மையத்தை அணுகுங்கள். ‘கபாஸ் கிசான்’ செயலியில் முன்பே பதிவு செய்துகொள்ளுங்கள்.
* ஈரப்பதம் 8 சதவீதத்துக்குள் இருந்தால் முழு விலை. 12-ஐத் தாண்டினால் கழகம் வாங்காது. நன்றாக உலர்த்தி, தரம் பிரித்துக் கொண்டுசெல்லுங்கள்.