முழங்கால் நோவும் மூடிய கதவும்

போரில் காலிழந்து வருபவனைக் கண்டால் உலகம் இரங்கும். காலிருந்தும் நடக்கமாட்டாதவனைக் கண்டால் ஐயுறும். அமெரிக்க ஐக்கிய நாட்டில் ஊனமுற்ற சிப்பாய்கள் உதவித்தொகைக்கு வாதாடிய வரலாறு பெரும்பாலும் இவ்வையத்தின் வரலாறேயாகும்.

உள்நாட்டுப் போரின்போது, 1862-ம் ஆண்டில், ஊனமுற்றோர்க்கு உபகாரச் சம்பளம் அளிக்கும் சட்டம் பிறந்தது. மனுவை நடத்தும் வக்கீல் பத்து டாலருக்கு மேல் பெறலாகாதென 1864-ல் விதித்தனர். ஏழைச் சிப்பாயைத் தரகர் சுரண்டாதிருக்க இட்ட வேலி அது, நோக்கம் நன்றே. ஆனால் விலைவாசி பன்மடங்கு ஏறிய பின்னும், 1988 வரை, அப்பத்து டாலர் பத்து டாலராகவே நின்றது! அக்கூலிக்கு எந்த வக்கீல் வருவார்?

1933-ம் ஆண்டுச் சிக்கனச் சட்டமோ இதனினும் கொடிது. இலாகா சொன்னதே முடிவு, நீதிமன்றம் அதனைத் தொடலாகாது என்றது. அவ்வாண்டே அப்பீல் சபையொன்று அமைந்தது உண்மைதான். அதுவும் சர்க்காரின் அவ்வேற்பாட்டுக்குள்ளேயே இருந்தது. மறுத்தவரிடமே மீண்டும் முறையிடும் நிலை! ஐம்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, 1988-ல்தான், இதற்கெனத் தனி நீதிமன்றம் காணச் சட்டம் வந்தது.

கதவு திறந்ததன் பயன் யாது? ஒரு வழக்கைக் காண்போம். 1987 முதல் 1994 வரை ராணுவத்தில் ஊழியம் செய்த பெண்மணி ஒருவர், பணியின்போதே முழங்கால் நோவுக்குச் சிகிச்சை பெற்றவர். பின்னாளில் அவரைச் சோதித்த இலாகா மருத்துவர், சில நிமிஷங்களுக்கு மேல் அவரால் நிற்க இயலவில்லை, சிலபோது கைத்தடியும் வேண்டியிருக்கிறது என்றெழுதினார். படைப்பணியே காரணமாயிருக்கலாம் என்பதையும் ஒப்புக்கொண்டார். ஆயினும் மூட்டில் நோய்க்குறி ஒன்றும் அகப்படவில்லை. "வெறும் நோவு ஊனமாகாது" என்று 1999-ல் எழுந்த தீர்ப்பைக் காட்டி மனு தள்ளப்பட்டது.

இலாகாவின் அட்டவணை முழங்காலைப் பாகைக் கணக்கில் அளக்கிறது. 30 பாகைக்கு மேல் மடங்காவிடில் நூற்றுக்கு 20. 15 பாகையோடு நின்றால் 30. நோவை எக்கருவி கொண்டு அளப்பது?

அப்பெண்மணி சோர்ந்துவிடவில்லை, மேல் நீதிமன்றம் சென்றார். 2018 ஏப்ரலில் அம்மன்றம் முந்திய கொள்கையைத் தகர்த்தது: நோய்க்குறி அகப்படாவிடினும், உடல் தன் தொழிலைச் செய்யவொட்டாமல் தடுக்கும் நோவு ஊனமே ஆகலாம். வழக்கு மறு விசாரணைக்காகக் கீழே அனுப்பப்பட்டது. தொகை அன்றே கைக்கு வரவில்லை.