வெள்ளை மாளிகைக் கூரையிலிருந்து இறங்கிய தகடுகள்

1979 ஜூன் 20 அன்று அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர் வெள்ளை மாளிகையின் மேற்குப் பகுதிக் கூரையில் நின்று 32 சோலார் தகடுகளை நிருபர்களுக்குக் காட்டினார். அவை மின்சாரம் தருபவை அல்ல. நம் மொட்டை மாடிகளில் வெந்நீருக்கு வைக்கிறோமே, அந்த ரகம். ஊழியர் உணவகத்துக்கு வெந்நீர் தருவது அவற்றின் வேலை. செலவு சுமார் 28,000 டாலர். ஆனால் கார்ட்டரின் கணக்கு பெரியது. 2000ஆம் ஆண்டுக்குள் நாட்டின் எரிசக்தியில் 20 சதவீதம் சூரியனிலிருந்தும் அதுபோன்ற வற்றாத மூலங்களிலிருந்தும் வர வேண்டும் என்றார். ஒரு தலைமுறை கழித்து இவை அருங்காட்சியகப் பொருளாகவும் ஆகலாம், நடக்காமல் விட்ட பாதையின் அடையாளமாகவும் ஆகலாம் என்றும் அன்றே சொல்லிவைத்தார். அந்த வாய்முகூர்த்தம் பலித்துவிட்டது.

கார்ட்டர் சூரியனைத் தேடியதற்குக் காரணம் எண்ணெய்த் தட்டுப்பாடு. 1973இல் அரபு நாடுகள் அமெரிக்காவுக்கு எண்ணெயை நிறுத்தின. 1979இல் ஈரான் புரட்சி. பெட்ரோலுக்கு மணிக்கணக்கில் வரிசை. ஒற்றைப்படை எண் வண்டிக்கு ஒரு நாள், இரட்டைப்படைக்கு மறுநாள் என்று பல மாநிலங்களில் முறை வைத்தார்கள். அதற்கு முன்பே, 1977இல், கார்ட்டர் கம்பளி ஸ்வெட்டரோடு தொலைக்காட்சியில் தோன்றி வீட்டுக் கணப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று மக்களைக் கேட்டிருந்தார். சிக்கனத்தை உபதேசிக்கும் தலைவரை எந்த ஊரில் கொண்டாடியிருக்கிறார்கள்?

1980 நவம்பர் 4 அன்று அதிபர் தேர்தலில் ரொனால்ட் ரீகன் வென்றார். அதே மாதம் 21ஆம் தேதி, 'டாலஸ்' தொடரில் எண்ணெய் முதலாளி ஜே.ஆரைச் சுட்டது யார் என்று தெரிந்துகொள்ள எட்டுக் கோடிக்கும் மேற்பட்ட அமெரிக்கர்கள் தொலைக்காட்சி முன் உட்கார்ந்தார்கள். தொப்பியும் திமிருமாகத் திரிந்த அந்த வில்லனைத்தான் நாடு ரசித்தது. ஸ்வெட்டர் போட்ட அதிபருக்கு அங்கே இனி என்ன இடம்?

சூரிய ஆற்றல் ஆராய்ச்சிக்கான பணத்தை ரீகன் அரசு வெட்டியது. வீட்டில் சோலார் வைப்போருக்கான வரிச்சலுகை 1985 டிசம்பர் 31 அன்று காலாவதியானது, யாரும் நீட்டிக்கவில்லை. 1986இல் கூரையைச் செப்பனிடத் தகடுகளைக் கழற்றினார்கள். திரும்ப மாட்டுவது செலவுக்குக் கட்டாது என்று சொல்லிவிட்டார்கள். ரீகன் வெறுப்பில் பிடுங்கி எறிந்தார் என்று கதை கட்டுவது எளிது. அந்த ஆண்டுதான் கச்சா எண்ணெய் விலை பாதிக்கும் கீழே சரிந்தது என்பதையும் பார்க்க வேண்டும். பெட்ரோல் பங்கில் விலை குறைந்ததும் அமெரிக்கருக்கு சூரியன் மறந்துபோயிற்று. என் பார்வையில் முதல் குற்றவாளி அந்த மலிவு விலைதான். ரீகன் அதற்குத் தோதான ஆள்.

தகடுகள் வர்ஜீனியாவில் ஓர் அரசுக் கிடங்கில் கிடந்தன. 1991இல் மெய்ன் மாநிலத்தின் யூனிட்டி கல்லூரி அவற்றைக் கேட்டு வாங்கி, இருக்கைகளைக் கழற்றிய ஒரு பழைய பள்ளிப் பேருந்தில் ஏற்றிக்கொண்டு போனது. 16 தகடுகள் கல்லூரி உணவுக்கூடத்தின் மேல் ஏறின. பனி கொட்டும் அந்த ஊரில் பத்தாண்டுக்கு மேல் மாணவர்களுக்கு வெந்நீர் கொடுத்தன. அவை பழுதாகி இறங்கியவை அல்ல என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

ஆயுள் முடிந்ததும் ஒன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குப் போனது, ஒன்று கார்ட்டர் நூலகத்துக்கு. 2010இல் இன்னொன்று போன இடம்தான் விசேஷம்: சீனாவின் தேஜோ நகரில், ஹிமின் என்ற சோலார் வெந்நீர் நிறுவனத்தின் காட்சிக்கூடம். அதற்குள் சோலார் வெந்நீரில் உலகின் முதலிடம் சீனாவுடையது. 1954இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகம் உருவாக்கிக் காட்டிய சிலிக்கான் சூரிய மின்கலத்திலும் இதே கதைதான். இன்று உலகின் சோலார் தகடு உற்பத்தியில் 80 சதவீதத்துக்கு மேல் சீனாவின் கையில்.

அதே 2010இல் பில் மெக்கிபன் என்ற எழுத்தாளர், யூனிட்டி மாணவர்களோடு ஒரு தகட்டை வண்டியில் ஏற்றி வெள்ளை மாளிகைக்கே கொண்டுபோனார். ஒபாமாவின் அதிகாரிகள் பேசி அனுப்பினார்களே தவிர, தகட்டை வாங்கிக்கொள்ளவில்லை. 2014இல்தான் கூரையில் புதிய தகடுகள் வேலை செய்தன. டெக்சாஸ் எண்ணெய்க்காரரான ஜார்ஜ் டபிள்யூ. புஷ்ஷின் ஆட்சியில், அதற்குப் பத்தாண்டு முன்பே, சத்தமில்லாமல், வளாகத்தின் பராமரிப்புக் கட்டடத்தில் சோலார் வைத்துவிட்டார்கள்!

2025 ஜூலை 4 அன்று டிரம்ப் கையெழுத்திட்ட சட்டத்தின்படி, வீட்டில் சோலார் வைப்போருக்கு இருந்த 30 சதவீத வரிச்சலுகை அந்த ஆண்டு டிசம்பர் 31 உடன் முடிந்தது; முதல் சலுகை காலாவதியாகி அன்றோடு சரியாக 40 ஆண்டுகள்.